ப்ளைவுட் கூடு விளிம்பில் தொய்கிறது: திருகைக் கூட்டும் முன் மூலையைப் பாருங்கள்

வணக்கம் நண்பரே. 12 மி.மீ. ப்ளைவுட் பலகைகளைக் கோத்து 6 மீட்டர் கூடு (வளைந்த ஓடு போன்ற கூரை) கட்டினீர்கள், திருகுகளை நேராக இறக்கியும், தற்காலிகத் தாங்கலை எடுத்ததும் விளிம்பு தொய்ந்து மூட்டுகள் வாய் திறக்கின்றன என்று எழுதியிருந்தீர்கள். தடிமனைக் கூட்ட வேண்டாம், சுமைதான் ஏறும்.

உங்கள் படத்தில் ஒவ்வொரு மூலையிலும் நான்கு பலகைகள் சந்திக்கின்றன. நான்கு பலகையைக் கீலால் கோத்தது போன்ற அமைப்பு மடங்கத்தான் செய்யும். மூன்று பலகை மட்டும் சந்திக்கும்படி அறுகோணங்களாகப் பிரித்தால், மூட்டு கீல் மாதிரி தளர்வாக இருந்தாலும் வடிவமே விறைத்து நிற்கும், விசை பெரும்பாலும் விளிம்போடு விளிம்பு உரசுகிற திசையிலேயே போகும். ஜெர்மனியில் ஷ்வேபிஷ் க்முண்ட் நகரில் 2014இல் கட்டிய கண்காட்சிக் கூடம் இப்படித்தான்: 50 மி.மீ. பீச் மர ப்ளைவுட், 243 பலகை, விரல் கோத்தது போன்ற மூட்டு. அந்தப் பல்தான் நழுவலைத் தாங்குகிறது, குறுக்காகச் சாய்த்து இறக்கிய திருகுகள் மூட்டு விரியாமல் பிடிக்கின்றன. நேராக இறக்கிய திருகு உங்களுக்குக் கைகொடுக்காததும் இதனால்தான்.

அப்புறம் அடிப்பாகம். கூடு வெளிப்பக்கம் உதைக்கும், அதனால் கால்களை இழுகம்பியால் கட்டுங்கள். திறந்த வாயிலின் ஓரத்தில் பலகைகளைக் கொஞ்சம் வெளிநோக்கி வளைத்துத் திருப்பினால் அந்த மடிப்பே உத்தரம் போல வேலை செய்யும்.

எடைதான் கவலை என்றால் ஜெர்மனியின் ஹைல்பிரோன் நகரில் 2019இல் கட்டிய மரக்கூடத்தைப் பாருங்கள். 376 உள்ளீடற்ற பெட்டிகள், 30 மீட்டர் அகலம், சதுர மீட்டருக்கு 38 கிலோதான். முதலில் மூன்று பலகையை மட்டும் வெட்டிக் கோத்துப் பாருங்கள், மூட்டில் விசிட்டிங் கார்டு நுழைந்தால் வெட்டுக்கோணம் தவறு.