லேப்டாப்பில் இடம் எங்கே போனது? – கேள்வி பதில்

டிஸ்க் நிரம்பிவிட்டது, ஆனால் எதனால் என்று தெரியவில்லை என்பதுதான் வந்த கேள்விகளில் பாதிக்கு மேல். ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன். பதில்களுக்குள் போகும் முன் ஒரே ஒரு வேண்டுகோள்: அளந்து பார்க்காமல் எதையும் அழிக்காதீர்கள்.

கேள்வி: சார், 512 ஜிபி என்று சொல்லி வாங்கிய லேப்டாப். விண்டோஸில் 476 ஜிபிதான் காட்டுகிறது. ஏமாந்துவிட்டேனா?

இல்லை. டிஸ்க் தயாரிப்பவர்கள் ஒரு ஜிபி என்றால் 100 கோடி பைட் என்று கணக்கு வைக்கிறார்கள். விண்டோஸ் 1024-ஐ மூன்று முறை பெருக்கி, 107 கோடியே சொச்சம் பைட்டை ஒரு ஜிபி என்கிறது. 512-ஐ 1.0737-ஆல் வகுத்துப் பாருங்கள், 476 வரும். ஒரு டிபி டிஸ்க் 931 ஜிபி என்று காட்டுவதும் இதனால்தான். மேக்கில் 2009-லிருந்தே தயாரிப்பாளர்களின் கணக்குதான், அதனால் அங்கே இந்தக் குழப்பம் வருவதில்லை.

கேள்வி: அண்ணா, சி டிரைவில் 210 ஜிபி நிரம்பியிருக்கிறது என்கிறது. உள்ளே போய் எல்லா ஃபோல்டரையும் சேர்த்து ப்ராபர்ட்டீஸ் பார்த்தால் 150 ஜிபிதான் வருகிறது. மீதி 60 ஜிபி எங்கே? வைரஸா?

வைரஸாக இருக்க வாய்ப்பு குறைவு. நீங்கள் செய்த கூட்டலில் உங்கள் கண்ணுக்குத் தெரிவதும், உங்களுக்குத் திறக்க அனுமதி இருப்பதும் மட்டும்தான் வந்திருக்கும். சி டிரைவில் மறைத்து வைக்கப்பட்டவை நிறைய உண்டு.

முதலாவது, ஹைபர்ஃபில் என்ற ஃபைல். லேப்டாப் ஹைபர்னேட் ஆகும்போது, அதாவது திறந்திருக்கும் வேலையைச் சேமித்துக்கொண்டு முழுவதும் அணையும்போது, ராமில் உள்ளதை இதில் எழுதி வைக்கும். பொதுவாக ராம் அளவில் 40 சதவீதம். 16 ஜிபி ராம் என்றால் 6.4 ஜிபி இதற்கே போய்விடும். இரண்டாவது, பேஜ்ஃபைல். ராம் போதாதபோது விண்டோஸ் பயன்படுத்தும் இடம் இது. வேலைக்குத் தக்கபடி பெரிதாகும், சிறிதாகும்.

மூன்றாவதுதான் பெரும்பாலும் ஆளை ஏமாற்றுவது: சிஸ்டம் வால்யூம் இன்ஃபர்மேஷன். ரிஸ்டோர் பாயின்ட்கள், அதாவது ஏதாவது கெட்டால் விண்டோஸை முந்தைய நிலைக்குக் கொண்டுபோக எடுத்து வைத்த பதிவுகள், இதற்குள் இருக்கின்றன. உங்களுக்கு அனுமதி இல்லாததால் எக்ஸ்ப்ளோரர் இதைப் பூஜ்யம் என்றே காட்டும், உள்ளே பல ஜிபி இருந்தாலும். ஸ்டார்ட் மெனுவில் ‘கிரியேட் எ ரிஸ்டோர் பாயின்ட்’ என்று தேடுங்கள். வரும் சன்னலில் சி டிரைவைத் தேர்ந்தெடுத்து ‘கான்ஃபிகர்’ அழுத்தினால் இப்போது எவ்வளவு பிடித்திருக்கிறது என்று தெரியும். கீழே உள்ள நகர்த்தியை இடப்பக்கம் இழுத்து உச்சவரம்பைக் குறைக்கலாம். அடியோடு நிறுத்த வேண்டாம். ஒரு மோசமான டிரைவர் அப்டேட்டிலிருந்து மீள இதுதான் உதவும்.

அப்புறம், வேறொரு யூசர் அக்கவுன்ட் இருந்தால் அவருடைய ஃபைல்களும் உங்கள் கூட்டலில் வராது.

முழுப் படமும் வேண்டுமென்றால், எது எவ்வளவு இடம் பிடித்திருக்கிறது என்று காட்டும் விஸ்ட்ரீ அல்லது வின்டிர்ஸ்டாட் நிரலைப் போட்டுக்கொள்ளுங்கள். ‘ரன் ஆஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்’ கொடுத்துத் திறப்பது முக்கியம். இல்லாவிட்டால் அவையும் உங்களைப் போலவே பாதியைத்தான் பார்க்கும். விஸ்ட்ரீ ஒவ்வொரு ஃபோல்டராக நுழைந்து எண்ணாமல் டிஸ்க்கின் ஃபைல் அட்டவணையை நேராகப் படிப்பதால் சில நொடிகளில் முடித்துவிடும். பெரியது மேலே, சிறியது கீழே என்று வரிசையாக வரும். முதல் பத்து வரிகளைப் பார்த்தாலே பெரும்பாலும் விடை கிடைத்துவிடும்.

கேள்வி: அந்த ஹைபர்ஃபில் ஃபைலை டிலீட் கொடுத்தால் முடியாது என்கிறது. எப்படி அழிப்பது?

நேராக அழிக்க முடியாது, ஹைபர்னேட் வசதியை நிறுத்தினால் தானே மறையும். அட்மினிஸ்ட்ரேட்டராகக் கமாண்ட் ப்ராம்ப்ட் திறந்து இப்படி அடியுங்கள்: பவர், அதோடு ஒட்டி சி எஃப் ஜி; ஓர் இடைவெளி; சாய்கோடும் எச்சும்; மறுபடி ஓர் இடைவெளி; ஆஃப். என்டர் தட்டியதும் ஃபைல் போய்விடும். கடைசிச் சொல்லை ஆன் என்று மாற்றி அடித்தால் திரும்ப வரும். நிறுத்தினால் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் வசதியும் கூடவே போகும். மூடிவைத்த லேப்டாப்பில் பேட்டரி தீர்ந்தால் சேமிக்காத வேலையும் போய்விடும். 128 ஜிபி டிஸ்க் வைத்து அல்லாடுபவர்களுக்கு மட்டும்தான் இதைச் சொல்வேன்.

கேள்வி: விண்டோஸ் ஃபோல்டருக்குள் வின்எஸ்எக்ஸ்எஸ் என்று ஒன்று 12 ஜிபி இருக்கிறது. தூக்கிவிடலாமா?

தொடவே தொடாதீர்கள். விண்டோஸின் உறுப்புகள் எல்லாம் அங்கேதான் இருக்கின்றன. அந்த 12 ஜிபி கணக்கும் முழு உண்மை இல்லை. ஒரே ஃபைல் இரண்டு ஃபோல்டர்களில் இரண்டு பெயர்களோடு தெரியும், டிஸ்க்கில் இருப்பது ஒன்றுதான். ஒரு வீட்டுக்கு இரண்டு வாசல் என்பதற்காக இரண்டு வீடு என்று எண்ணுவது போல எக்ஸ்ப்ளோரர் எண்ணிவிடுகிறது. உண்மையிலேயே வேண்டாத பழைய அப்டேட்களை நீக்க டிஸ்க் கிளீனப் திறந்து ‘கிளீனப் சிஸ்டம் ஃபைல்ஸ்’ கொடுங்கள். ‘விண்டோஸ் அப்டேட் கிளீனப்’ என்ற வரி வரும். எது வேண்டாம் என்பது அதற்குத் தெரியும், நமக்குத் தெரியாது.

பக்கத்திலேயே மறைந்திருக்கும் இன்ஸ்டாலர் ஃபோல்டரும் அப்படித்தான். பல வருடங்களுக்கு முன் இடம் இல்லையென்று அதை நானே காலி செய்தேன். அன்றைக்கு ஒன்றும் ஆகவில்லை. சில மாதம் கழித்து ஒரு மென்பொருளை அப்டேட் செய்யப் போனால் பழைய இன்ஸ்டாலர் ஃபைலைக் கேட்டது. நீக்கவும் முடியவில்லை, புதுப்பிக்கவும் முடியவில்லை. கடைசியில் விண்டோஸையே புதிதாகப் போட வேண்டியிருந்தது.

கேள்வி: விண்டோஸ்.ஓல்ட்?

அது போகலாம். பதிப்பு மாறிய பிறகு பழையதற்குத் திரும்ப வழி வேண்டுமே என்று 10 நாள் வைத்திருந்து விண்டோஸே அழித்துவிடும். புதியது ஒழுங்காக ஓடினால் செட்டிங்ஸில் ஸ்டோரேஜ், டெம்பரரி ஃபைல்ஸ் வழியாக இப்போதே நீக்கலாம். அதே பட்டியலில் ‘டவுன்லோட்ஸ்’ என்று ஒரு பெட்டி இருக்கும், அதில் மட்டும் டிக் போடாதீர்கள். அது குப்பை இல்லை, உங்கள் சொந்த ஃபைல்கள்.

கேள்வி: இடம் வேண்டும் என்று ஒன்டிரைவில் ஏற்றிய படங்களை லேப்டாப்பில் அழித்தேன். இப்போது போனிலிருந்து ஒன்டிரைவ் திறந்தாலும் காணோம்! என்ன செய்வது சார்?

பதற வேண்டாம், ஆனால் தாமதிக்கவும் வேண்டாம். பிரவுசரில் ஒன்டிரைவ் திறந்து ரீசைக்கிள் பின்னுக்குப் போங்கள். தனிநபர் அக்கவுன்ட்டில் 30 நாள் வரை அங்கே இருக்கும், மீட்டுக்கொள்ளலாம். ஒன்டிரைவ் ஃபோல்டரில் அழித்தால் எல்லா இடத்திலும் அழியும், அது வேலை செய்யும் விதமே அப்படி. நீங்கள் செய்ய நினைத்ததற்கு வேறு வழி: ஃபோல்டர் மேல் ரைட் கிளிக் செய்து ‘ஃப்ரீ அப் ஸ்பேஸ்’ கொடுங்கள். பெயர் மட்டும் மேகக் குறியோடு லேப்டாப்பில் நிற்கும், படம் சர்வரில் இருக்கும்.

கேள்வி: மேக்கில் ‘சிஸ்டம் டேட்டா’ மட்டும் 90 ஜிபி. பெரிய வீடியோக்களை அழித்து, ட்ராஷையும் காலி செய்தேன். இடம் கூடவே இல்லை.

மேக்கின் பேக்கப் வசதியான டைம் மெஷின் பயன்படுத்துகிறீர்களா? அது உள்ளூர் ஸ்னாப்ஷாட்களை, அதாவது டிஸ்க் அந்த நேரத்தில் இருந்த நிலையின் பதிவுகளை, அந்த டிஸ்க்கிலேயே எடுத்து வைக்கும். நீங்கள் அழித்த வீடியோ பழைய ஸ்னாப்ஷாட்டில் இருக்கும்வரை அதன் இடம் விடுபடாது. பொதுவாக ஒரு நாளில் அந்த ஸ்னாப்ஷாட் தானே போய்விடும். இடநெருக்கடி வந்தால் அதற்கு முன்பே மேக் அழித்துக்கொள்ளும். காத்திருக்க முடியாவிட்டால் டிஸ்க் யுட்டிலிட்டியில் வியூ மெனுவில் ‘ஷோ ஏபிஎஃப்எஸ் ஸ்னாப்ஷாட்ஸ்’ கொடுத்து அங்கிருந்து நீக்கலாம். ஐஃபோன் பேக்கப் எடுப்பவர் என்றால் ஃபோனைச் செருகி, ஃபைண்டரில் ‘மேனேஜ் பேக்கப்ஸ்’ பாருங்கள். விற்றுவிட்ட பழைய ஃபோனின் பேக்கப்கூட அங்கே கிடக்கும்.

கேள்வி: லினக்ஸில் டியூ 40 ஜிபி என்கிறது, டிஎஃப் 90 ஜிபி என்கிறது.

டியூ கட்டளை பெயரோடு இருக்கும் ஃபைல்களைக் கூட்டிச் சொல்கிறது, டிஎஃப் டிஸ்க்கில் நிரம்பியிருக்கும் மொத்த இடத்தைச் சொல்கிறது. அனேகமாக, அழித்த ஃபைலை ஏதோ ஒரு நிரல் இன்னும் திறந்து வைத்திருக்கிறது. பெயர் போய்விட்டது, இடம் போகவில்லை. பெரும்பாலும் லாக் ஃபைல்தான். திறந்திருக்கும் ஃபைல்களைப் பட்டியலிடும் எல்எஸ்ஓஎஃப் கட்டளையில் ‘டிலீட்டட்’ என்று வரும் வரிகளைத் தேடி, அந்த சர்வீஸை மட்டும் மறுதொடக்கம் செய்யுங்கள்.

கேள்வி: ரெஜிஸ்ட்ரி கிளீனர் போடலாமா?

வேண்டாம். ரெஜிஸ்ட்ரி என்பது விண்டோஸும் மென்பொருள்களும் தங்கள் செட்டிங்ஸைப் பதிந்து வைக்கும் இடம். அதைச் சுத்தம் செய்து உருப்படியாக இடம் கிடைக்காது, ஏதாவது உடையத்தான் செய்யும்.

கேள்வி: அண்ணா, நான் ஒன்றும் டவுன்லோட் செய்வதில்லை. ஆனாலும் தினமும் 2, 3 ஜிபி குறைகிறது.

அப்படியென்றால் ஏதோ ஒரு நிரல் எழுதிக்கொண்டே இருக்கிறது, அதைக் கையும் களவுமாகப் பிடிக்கலாம். இன்று விஸ்ட்ரீயில் பார்த்து பெரிய ஃபோல்டர்களின் அளவைத் தாளில் குறித்து வையுங்கள். நாளை அதே நேரத்தில் மறுபடி பாருங்கள். எது வளர்ந்திருக்கிறதோ அதற்குள் போய், இன்னும் உள்ளே எது வளர்ந்தது என்று தேடுங்கள்.

கேள்வி: பார்த்துவிட்டேன் அண்ணா. ஆப்டேட்டா ஃபோல்டருக்குள் என் வீடியோ எடிட்டிங் மென்பொருளின் மீடியா கேஷ் மட்டும் 71 ஜிபி. அழித்தால் என் ப்ராஜெக்ட் போய்விடுமா?

போகாது தம்பி. முன்னோட்டம் வேகமாக ஓடுவதற்காக அது தயாரித்து வைத்த நகல்கள்தான் அவை. மூலக் காட்சிகள் வேறு இடத்தில் பத்திரமாக இருக்கின்றனவா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். பிறகு எக்ஸ்ப்ளோரரில் அல்ல, அந்த மென்பொருளின் ப்ரிஃபரன்ஸஸில் கேஷ் பகுதிக்குப் போய் அங்கிருந்தே அழியுங்கள். கேஷுக்கு உச்சவரம்பு வைக்கும் வசதி இருந்தால் 20 ஜிபி என்று போட்டுவிடுங்கள். அடுத்த முறை பழைய ப்ராஜெக்டைத் திறக்கும்போது சற்று மெதுவாக இருக்கும், தேவையானதை அதுவே மறுபடி தயாரித்துக்கொள்ளும்.