ஜெபம் பண்ணியும் ஒண்ணும் மாறலன்னா, தேவபக்தியா இருந்து என்ன பிரயோஜனம்?

கேள்வி கேட்ட பிரதர் கொஞ்சம் நீளமா எழுதியிருக்காரு, சுருக்கமா சொன்னா இதுதான்: ஐ.டி. வேலை போயி பல மாசம் ஆகுது, அம்மாவுக்கு டயாலிசிஸ் ஓடிட்டிருக்கு, உபவாசம் இருந்து ஜெபிச்சும் ஒண்ணும் அசையல, சபைல "உங்களுக்கு விசுவாசம் பத்தல"ன்றாங்க, இப்போ கர்த்தரை நம்புறதுன்னா காலைல எழுந்து நான் என்னதான் பண்ணனும், ஃபேக் எக்ஸ்பீரியன்ஸ் போட்டா வேலை வாங்கித் தர்றேன்னு ஒருத்தர் சொல்றாரு, அதுவும் வேணாம்னா வேற வழி என்ன, இந்த நிலைமைலயும் தசமபாகம் (வருமானத்துல பத்துல ஒரு பங்கு காணிக்கை) குடுக்கணுமான்னு கேட்டிருக்காரு.

நான் ஊழியக்காரன் கிடையாது. அம்பத்தூர் எஸ்டேட்ல சின்னதா ஒரு சி.என்.சி. ஜாப் ஒர்க் யூனிட் (கம்ப்யூட்டர் மெஷின்ல மத்த கம்பெனிங்களுக்கு பார்ட்ஸ் செஞ்சு குடுக்கற பட்டறை) வெச்சிருந்தவன், இப்போ இன்னொருத்தர் யூனிட்ல சூப்பர்வைசர். வெச்சிருந்தவன்னு சொல்லும்போதே கதை எங்க போகுதுன்னு புரிஞ்சிருக்கும், அதனால கடைசில ஒரு அற்புத சாட்சி வரும்னு நினைச்சுப் படிக்காதீங்க.

முதல்ல அந்த எரேமியா 29:11. இந்த வருஷம் உங்களுக்கு வந்த வாக்குத்தத்த கார்டு அதுதான்னு எழுதியிருக்கீங்க. டிசம்பர் 31 ராத்திரி ஆராதனைல எடுத்துட்டு வந்து பீரோ கண்ணாடில செருகி வைப்போமே அந்த கார்டுல அதிகமா வர்ற வசனமே இதுதான்னு நினைக்கிறேன். "தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே", படிக்க எவ்ளோ இதமா இருக்கு. ஆனா அது பாபிலோனுக்கு சிறையா இழுத்துட்டுப் போனவங்களுக்கு எரேமியா எருசலேம்ல இருந்து அனுப்புன லெட்டர்ல வர்ற வரி, அதுக்கு முந்தின வசனத்துலயே 70 வருஷம்னு தெளிவா போட்டிருக்கு. அப்படின்னா அந்த லெட்டரைக் கையில வாங்கிப் படிச்ச பெரியவங்கள்ல யாரும் அனேகமா திரும்ப ஊர் மண்ணை மிதிக்கல. அதை நாம கார்டுல அடிக்கிறதில்ல.

இன்னும் ஒரு அதிகாரம் முன்னாடி போங்க, 28. அங்க அனனியான்னு ஒரு தீர்க்கதரிசி, ஆலயத்துல எல்லா ஜனங்களுக்கும் முன்னாடி நின்னு ரெண்டே வருஷம், போனதெல்லாம் திரும்ப வந்துடும்ன்றான். சும்மா வாயால சொல்லல, பாபிலோனுக்கு அடங்கி இருக்கணும்ன்றதுக்கு அடையாளமா எரேமியா கழுத்துல மாட்டியிருந்த நுகத்தைப் பிடுங்கி உடைச்சே காட்டுறான். அன்னைக்கு அந்தக் கூட்டத்துல நானும் இருந்திருந்தா கை தட்டி அல்லேலூயா சொல்லியிருப்பேன், யாருதான் சொல்லமாட்டாங்க, ஒருத்தர் 70ன்றாரு ஒருத்தர் 2ன்றாரு. ஆனா கர்த்தர் அவனை அனுப்பவே இல்ல, ஜனங்களை பொய்யை நம்பப் பண்ணிட்டான்னு எரேமியா மூஞ்சிக்கு நேரா சொல்றாரு, அந்த வருஷமே ஏழாம் மாசம் அவன் செத்தும் போறான். "இந்த மாசம் முடியறதுக்குள்ள உனக்கு வாசல் திறக்கும்"னு மைக்ல சொல்றவங்களைக் கேக்கும்போதெல்லாம் எனக்கு அனனியா ஞாபகம்தான் வரும். எல்லாரையும் சொல்லல. ஆனா தேதி போட்டுக் குடுக்குறவங்ககிட்ட கொஞ்சம் ஜாக்கிரதையா இருங்க, ஏன்னா அந்தத் தேதி தாண்டுன அன்னைக்கு உடையப்போறது அவங்க மனசு இல்ல, உங்களோடது.

சரி, அந்த 70 வருஷத்துக்கும் என்ன பண்ணச் சொன்னாருன்னு பாருங்க, உங்க "காலைல எழுந்து என்ன பண்ணனும்"க்கு பதில் அங்கதான் இருக்கு. வீடு கட்டி குடியிருங்க, தோட்டம் போட்டு அதோட பழத்தை சாப்பிடுங்க, கல்யாணம் பண்ணுங்க, பிள்ளைங்கள பெத்துக்கோங்க, உங்களைப் பிடிச்சுட்டு வந்த அந்த ஊரோட சமாதானத்துக்காகவே ஜெபம் பண்ணுங்க. அவ்ளோதான். கஷ்டம் முடிஞ்ச அப்புறம் வாழ ஆரம்பிக்கலாம்னு உக்காந்துடாதீங்க, கஷ்டத்துக்குள்ளயே ஒழுங்கா வாழுங்கன்றாரு. எனக்குத் தெரிஞ்சு நம்பிக்கைன்றது இதுதான். தன் சிலையைக் கும்பிடச் சொன்ன பாபிலோன் ராஜா நேபுகாத்நேச்சார் முன்னாடி நின்ன அந்த மூணு பேரும் இதைத்தானே சொன்னாங்க, எங்க தேவன் விடுவிக்க வல்லவர், விடுவிக்காமப் போனாலும் சிலையைக் கும்பிடமாட்டோம்னு. ரெண்டாவது பாதியைச் சொல்ல முடிஞ்சதுனாலதான் முதல் பாதி சும்மா வீராப்பா இல்லாம விசுவாசமா இருக்கு.

இப்போ என் கதை, ஏன்னா நீங்க கேட்ட ஃபேக் எக்ஸ்பீரியன்ஸ் விஷயம் எனக்கு வேற ரூபத்துல வந்துச்சு.

லாக்டவுனுக்கு அப்புறம் ஆர்டர் குறைஞ்சுச்சு, மெஷின் லோன் இ.எம்.ஐ. மட்டும் குறையல, பார்ட்டிங்க 90 நாள்ல குடுக்கவேண்டிய பேமென்ட்டை இழுத்துக்கிட்டே போனாங்க, எப்படியோ இங்க வாங்கி அங்க குடுத்து ஓட்டிட்டிருந்தப்போ 2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயல், எஸ்டேட்டுக்குள்ள தண்ணி. தண்ணி வடிஞ்சு ஷட்டரைத் தூக்குனா கூலன்ட் ஆயிலும் சாக்கடையும் கலந்து தரையெல்லாம் வழுக்குது, மெஷின் பின்னாடி பேனல் கதவைத் திறந்தா டிரைவ் கார்டு இடுக்கெல்லாம் சேறு, உள்ள ஒரு செத்த தவளை வேற. சர்வீஸ் இன்ஜினியர் டார்ச் அடிச்சுப் பாத்துட்டு ஒரு வார்த்தை பேசல, போனை எடுத்து நாலு போட்டோ எடுத்துட்டு கொட்டேஷன் அனுப்புறேன் சார்னு கிளம்பிட்டாரு. அந்த கொட்டேஷனைப் பாத்ததும் மெஷினை வித்துடலாம்னு பாதி முடிவு ஆயிடுச்சு.

அப்போதான் தெரிஞ்சவர் ஒருத்தர் வந்தாரு. "அண்ணே, மெஷின் ஓடலன்னா என்ன, உங்க ஜி.எஸ்.டி. நம்பர் ஓடுதுல்ல? சரக்கு நகரவே வேணாம், பில்லு மட்டும் போட்டுக் குடுங்க, அவங்க இன்புட் கிரெடிட் எடுத்து, கட்டவேண்டிய வரில கழிச்சுப்பாங்க, பில் தொகைல உங்களுக்கு இவ்ளோ பர்சென்ட், மாசாமாசம் இ.எம்.ஐ. கவலையே இல்ல." இதுல விசேஷம் என்னன்னா அவரும் சபைக்குப் போறவர்தான், கிளம்பும்போது "இதை ஆண்டவர் திறந்த வாசல்னு எடுத்துக்கோங்க"ன்னு சொல்லிட்டு வேற போனாரு. ராத்திரி வீட்டுக்காரம்மாகிட்ட சொன்னேன். அவங்க அரிசி களைஞ்சிட்டிருந்தாங்க, திரும்பிக்கூடப் பாக்கல, "அந்தக் காசுல வாங்குன சோத்துக்கு என்னன்னுங்க ஸ்தோத்திரம் சொல்றது"ன்னாங்க. அதோட அந்தப் பேச்சு முடிஞ்சுது.

அதுக்கு அப்புறம் கர்த்தர் வேற பெரிய ஆர்டர் குடுத்தாருன்னு எழுத ஆசைதான். குடுக்கல. மெஷினை அடிமாட்டு விலைக்கு வித்து, பேங்க் போக இருந்ததுல வேலை பாத்த பசங்களுக்கு சம்பள பாக்கி செட்டில் பண்ணேன், ஷெட்டை காலி பண்ணேன். பில்லு ஆளு நல்லாத்தான் இருக்காரு, காரு கூட மாத்திட்டாரு. சங்கீதம் 73ல ஆசாப் "வீம்புக்காரராகிய அவர்கள்மேல் பொறாமை கொண்டேன்"னு எழுதியிருக்காரே, அந்தக் காரு எங்க தெருவுல போகும்போதெல்லாம் அந்த வசனம் எனக்கு நல்லாவே புரியும்.

அப்போ பிரயோஜனம் என்னன்னு நீங்க கேக்கறது நியாயம்தான். பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதும்போது தேவபக்தியை ஆதாயத்தொழில்னு நினைக்கிறவங்களை விட்டு விலகுன்றாரு, அடுத்த வரிலயே "போதுமென்கிற மனதுடனேகூடிய தேவபக்தியே மிகுந்த ஆதாயம்"ன்றாரு. ஆதாயம் இருக்குன்னுதான் சொல்றாரு, ஆனா பேங்க் ஸ்டேட்மென்ட்ல வர்றது இல்ல. என் விஷயத்துல அது என்னன்னா, கடன்காரன் போன் வந்தா எடுத்துப் பேச முடிஞ்சுது, ஆபீசர் யாராவது வந்து கதவைத் தட்டுனா ஒளிய வேண்டியதில்ல, பையன் "ஏம்ப்பா வித்துட்டீங்க"ன்னு கேட்டப்போ உள்ளதை உள்ளபடி சொல்ல முடிஞ்சுது. சின்ன விஷயமா தெரியலாம். எங்க வீட்ல இது பெருசு.

புரசைவாக்கத்துல பெப்ரீஷியஸ் ஸ்கூல் பாத்திருப்பீங்க, அந்தப் பேருக்குரிய மனுஷனைப் பத்தி நிறைய பேருக்குத் தெரியாது. 1740ல ஜெர்மனிலருந்து இந்தியாவுக்கு வந்து, 1742ல மெட்ராஸ் மிஷனுக்கு வந்து, வேப்பேரில உக்காந்து வருஷக்கணக்கா பைபிளைத் தமிழ்ல மொழிபெயர்த்தவரு. தமிழ் ஞானப்பாட்டு, அகராதி எல்லாத்துலயும் அவர் உழைப்பு இருக்கு. நடுவுல பிரெஞ்சுக்காரங்க மெட்ராசைப் பிடிச்சப்போ பழவேற்காட்டுக்கு ஓடவேண்டியதாச்சு. கடைசி காலத்துல, அவரை நம்பி மத்தவங்க குடுத்து வெச்ச பணத்தைக் கடனுக்கு விட்ட இடத்துல அது திரும்பாம போயி, கடனுக்காக ஜெயிலுக்கும் போயி, 1791ல செத்தாரு. பண விஷயத்துல அவருக்கு சாமர்த்தியம் பத்தலன்னு சொல்லலாம், அது வேற. ஆனா தேவபக்தியா இருந்தா கடன் வராதுன்னு யாராவது சொன்னா வேப்பேரியைத் தாண்டாம அவங்களுக்கு பதில் இருக்கு.

"விசுவாசம் பத்தல"ன்னு சொன்னவங்களைப் பத்தி. பிள்ளைங்க, சொத்து, உடம்பு சுகம்னு எல்லாத்தையும் இழந்த யோபோட சிநேகிதங்க ஏழு நாள் ராத்திரி பகல் அவர் பக்கத்துல தரைல வாயைத் திறக்காம உக்காந்தாங்க, அதுவரைக்கும் நல்ல சிநேகிதங்கதான். வாயைத் திறந்து "உன்கிட்ட ஏதோ பாவம் இருக்கு"ன்னு ஆரம்பிச்சப்போதான் கெட்டுச்சு. கடைசி அதிகாரத்துல கர்த்தருக்குக் கோவம் வந்தது அவங்க மேலதான், அத்தனை அதிகாரம் புலம்பித் தள்ளுன யோபை நிதானமா பேசுனான்னாரு. எங்களுக்கும் ஒருத்தர் வந்து "குடும்பத்துல மறைவான பாவம் ஏதாவது"ன்னு ஆரம்பிச்சாரு, டீ குடுத்து அனுப்பிட்டோம். அதே வாரம் சபைல ஒரு வயசான ஆன்ட்டி, பூ கட்டி விக்கறவங்க, ஒண்ணும் பேசாம ஒரு பை நிறைய காய்கறி வாசல்ல வெச்சுட்டு "ஜெபம் பண்ணிக்கிறேன் தம்பி"ன்னு போயிட்டாங்க. நீங்க யாரு பேச்சை எடுத்துக்கணும்னு நீங்களே முடிவு பண்ணிக்கோங்க.

அப்புறம் ஆண்டவர்கிட்ட கோவப்படலாமான்னு நடுவுல ஒரு வரி கேட்டிருந்தீங்க. தாராளமா. "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்"னு சங்கீதம் 13லயே இருக்கு, 88ம் சங்கீதம் கடைசி வரைக்கும் ஒரு ஆறுதல் வார்த்தை கூட இல்லாம முடியுது, அதையும் பைபிள்ல வெச்சிருக்காங்கல்ல. கோவத்தை அவர்கிட்ட சொல்றவரைக்கும் நீங்க அவர்கிட்ட பேசிட்டுத்தான் இருக்கீங்க.

நடைமுறைக்கு வர்றேன். உபவாசத்தை இப்போதைக்குக் குறைங்க. எலியா தீர்க்கதரிசி சூரைச்செடிக்குக் கீழ படுத்து சாகணும்னு கேட்டப்போ தூதன் வந்து பிரசங்கம் பண்ணல, தழல்ல சுட்ட அடையும் தண்ணியும் வெச்சு எழுப்பி சாப்பிடச் சொன்னான், மறுபடி தூங்கவிட்டு மறுபடி சாப்பிடச் சொன்னான். அம்மாவைப் பாத்துக்கறவர் சாப்பிடணும், தூங்கணும். டயாலிசிஸ் இப்போ பிரைவேட்ல பண்றீங்கன்னா ஜி.ஹெச்., ஸ்டான்லி, கீழ்ப்பாக்கம் மூணுலயும் யூனிட் இருக்கு, போயி விசாரிங்க, முதலமைச்சர் காப்பீட்டுத் திட்ட கார்டு எடுக்கலன்னா எடுத்துடுங்க. லைன்ல நிக்கணும், அலைய விடுவாங்க, பரவால்ல. இதெல்லாம் அவிசுவாசம்னு யாராவது சொன்னா அவங்க கண்ணாடி போட்டிருக்காங்களான்னு பாருங்க.

ஃபேக் எக்ஸ்பீரியன்ஸ் வேணாம். பேக்ரவுண்ட் செக்ல மாட்டுவீங்கன்றதுக்காக மட்டும் சொல்லல, மாட்டலன்னாலும் வேணாம். வேலை கிடைச்ச அப்புறம் தினமும் அதைக் காப்பாத்த இன்னொரு பொய் வேணும், அம்மா பக்கத்துல உக்காந்து ஜெபிக்கும்போது அது வந்து நடுவுல நிக்கும். அதுக்குப் பதில் சம்பளம் கம்மியானாலும் சப்போர்ட் வேலையோ டியூஷனோ கிடைச்சா பிடிச்சுக்கோங்க, கௌரவம் பாக்காதீங்க. சொந்தமா யூனிட் வெச்சிருந்தவன் இப்போ அடுத்தவர் யூனிட்ல பஞ்ச் கார்டு போடுறேன், முதல் மாசம் கஷ்டமாத்தான் இருந்துச்சு.

தசமபாகம்: வருமானமே இல்லாதவர் எதுல பத்துல ஒண்ணு எடுக்கறது? கிரெடிட் கார்டுல எடுத்துக் குடுக்கறேன்னு எழுதியிருக்கீங்க, தயவுசெஞ்சு அதை இந்த மாசமே நிறுத்துங்க. 2 கொரிந்தியர் 8:12ஐப் படிங்க, மனசு இருந்தா இல்லாததின்படி இல்ல, உள்ளதின்படிதான் அங்கீகரிக்கப்படும்னு பவுலே எழுதியிருக்காரு. உங்க பாஸ்டர்கிட்ட நேரா போயி நிலைமையைச் சொல்லுங்க, நல்ல பாஸ்டரா இருந்தா சபைல இருந்து உங்களுக்கு என்ன பண்ணலாம்னு அவரே கேப்பாரு. அப்படிக் கேக்காம காணிக்கை கவரைத்தான் நீட்டுறாருன்னா, அதே ஏரியால வேற சபையும் இருக்கும், பாருங்க.