பெருநகருக்கு எப்போது போகலாம்? வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: ஒரே நகரத்துக்கு ஒரு பயண வழிகாட்டி ஏப்ரலைச் சொல்கிறது, இன்னொன்று அக்டோபரைச் சொல்கிறது, மூன்றாவது ஒன்று ஆண்டு முழுவதும் போகலாம் என்கிறது. பெருநகரம் ஒன்றைப் பார்க்கச் சிறந்த பருவம் என்று உண்மையிலேயே ஒன்று இருக்கிறதா?

பதில்: இருக்கிறது. ஆனால் அதை நகரத்தின் தட்பவெப்பம் மட்டும் முடிவு செய்வதில்லை. அங்கே போய் நீங்கள் என்ன செய்யப்போகிறீர்கள் என்பதும் சேர்ந்தே முடிவு செய்கிறது. கடற்கரைக்கோ மலைப்பகுதிக்கோ ஓய்வெடுக்கப் போகிறவர்கள் பெரும்பாலும் ஓரிடத்தில் தங்கி இளைப்பாறுகிறார்கள். பெருநகரத்துக்குப் போகிறவர்களோ நடக்கிறார்கள். அருங்காட்சியகத்திலிருந்து சந்தைக்கு, சந்தையிலிருந்து ஆற்றங்கரைக்கு, அங்கிருந்து பழைய தெருக்களின் வழியாக ரயில் நிலையத்துக்கு என்று காலையிலிருந்து இரவு வரை நடந்து தீர்ப்பதுதான் நகரத்தைப் பார்ப்பது. ஆகவே எந்த நகரமானாலும், அந்த மாதத்தில் ஒரு நாளில் எத்தனை மணி நேரம் வெளியில் சிரமமின்றி நடக்க முடியும் என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும் என்பேன்.

இந்தக் கணக்கில் பலரும் மறந்துவிடுவது பகலின் நீளத்தை. லண்டனில் ஜூன் மாதக் கடைசியில் பகல் 16½ மணி நேரம் நீள்கிறது. டிசம்பர் மாதக் கடைசியில் அது 8 மணி நேரத்துக்கும் குறைவு, பிற்பகல் 4 மணி ஆவதற்குள் சூரியன் மறைந்துவிடுகிறது. ஐந்து நாள் தங்குகிற இருவரில் ஜூனில் போனவருக்குக் கிடைக்கும் வெளிச்சம், டிசம்பரில் போனவருக்குக் கிடைப்பதைப் போல் இரு மடங்கு. நிலநடுக்கோட்டை ஒட்டிய சிங்கப்பூரில் ஆண்டு முழுவதும் பகல் ஏறத்தாழ 12 மணி நேரமே என்பதால் அங்கே இந்தக் கவலை தேவையில்லை. வடக்கே 60ஆவது அட்சரேகையை ஒட்டி இருக்கும் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில், மே இறுதியிலிருந்து ஜூலை நடுப்பகுதி வரை நள்ளிரவிலும் வானம் முழுதாக இருள்வதில்லை. அந்த வாரங்களில் நேவா ஆற்றின் பாலங்கள் கப்பல்களுக்கு வழிவிடுவதற்காக நள்ளிரவுக்குப் பின் நடுவில் பிரிந்து மேலெழுவதைப் பார்க்க இரு கரைகளிலும் மக்கள் கூடி நிற்பார்கள். தங்கும் விடுதி எதிர்க்கரையில் இருக்கிறது என்பதை மறந்துவிட்டவர், பாலம் மீண்டும் இறங்கும் வரை அங்கேயே காத்திருக்க வேண்டியதுதான்.

அதே வேளையில், நாடகம், இசை நிகழ்ச்சி, ஓவியக்கூடம் ஆகியவற்றுக்காகவே போகிறவருக்குக் கோடை அத்தனை பொருத்தமானதன்று. ஐரோப்பிய நகரங்களின் பெரிய இசையரங்குகள் பலவும் இலையுதிர் காலத்தில் தங்கள் ஆண்டைத் தொடங்கிக் கோடையின் முற்பகுதியில் முடித்துக்கொள்கின்றன. அப்படிப்பட்டவருக்கு, வெளியே இருண்டு குளிர்ந்து கிடக்கும் பிப்ரவரி மாதமே நல்ல பருவமாக இருக்கக்கூடும். வரிசையும் குறைவாக இருக்கும்.

கேள்வி: சராசரி வெப்பநிலை 24 டிகிரி என்று அட்டவணையில் பார்த்து நம்பிப் போனோம், வெயிலில் வாடிப்போய்த் திரும்பினோம். அட்டவணை தவறா, நாங்கள் படித்தது தவறா?

பதில்: இரண்டும் இல்லை, அட்டவணை சொல்லாமல் விட்டதுதான் அதிகம். ‘மாதச் சராசரி’ என்பது இரவையும் பகலையும் சேர்த்து, பொதுவாக 30 ஆண்டுப் பதிவுகளைக் கொண்டு கணக்கிடப்படுவது. இப்போது உலக வானிலை அமைப்பு பின்பற்றும் காலப்பகுதி 1991 முதல் 2020 வரையிலானது. விடியற்காலை 18 டிகிரியும் பிற்பகல் 30 டிகிரியும் இருக்கும் ஊருக்கும், நாள் முழுவதும் 23, 25 என்று ஒரே சீராக இருக்கும் ஊருக்கும் சராசரி 24ஆகவே வந்து நிற்கலாம். எனவே சராசரியை விட்டுவிட்டு, பகலின் உச்ச வெப்பநிலை எவ்வளவு, இரவின் தாழ்ந்த வெப்பநிலை எவ்வளவு என்ற இரண்டையும் தனித்தனியே பாருங்கள். அதன் பிறகு அந்த மாதத்தில் இதுவரை பதிவான உச்சத்தையும் பார்த்துக்கொள்வது நல்லது. ஜூலையில் பகல் உச்சம் வழக்கமாக 24 டிகிரியைச் சுற்றியே இருக்கும் லண்டனின் ஹீத்ரோ விமான நிலையத்தில், 2022 ஜூலை 19ஆம் நாள் வெப்பம் 40 டிகிரியைத் தாண்டியது. குளிரைத் தாங்குவதற்காகக் கட்டப்பட்ட, குளிர்சாதனம் இல்லாத பழைய கட்டடங்களில் அறை எடுத்திருந்தவர்களுக்கு அன்றைய இரவு எப்படி இருந்திருக்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. கோடையில் போவதாக இருந்தால், அறையில் குளிர்சாதனம் உண்டா என்று எழுத்தில் கேட்டுப் பதில் வாங்கிக்கொள்ளுங்கள்.

அடுத்து, வானிலை நிலையம் அளப்பது பெரும்பாலும் விமான நிலையத்துத் திறந்தவெளியிலோ பூங்காவின் புல்தரையிலோதான். நீங்கள் நடக்கப்போவது, பகலெல்லாம் வெயிலைக் குடித்து இரவெல்லாம் கக்கிக்கொண்டிருக்கும் தாரும் கான்கிரீட்டும் சூழ்ந்த தெருவில். நகரம் தன் சுற்றுப்புறத்தை விட, குறிப்பாக இரவில், வெப்பமாக இருக்கிறது என்பதை லண்டனைச் சேர்ந்த லூக் ஹோவர்ட் 1820ஆம் ஆண்டு வாக்கிலேயே அளந்து எழுதிவைத்தார். அப்போது குளிர்சாதனப் பெட்டிகளும் இல்லை, மோட்டார் வண்டிகளும் இல்லை.

ஈரப்பதம்தான் மூன்றாவது, என் கருத்தில் வெப்பநிலையை விடவும் முக்கியமானது. ஆனால் ஈரப்பதத்தைச் சதவீதத்தில் பார்த்தால் குழப்பம்தான் மிஞ்சும். 10 டிகிரி குளிரில் 90 சதவீத ஈரப்பதம் இருந்தாலும் உடல் புழுங்காது. 34 டிகிரியில் 60 சதவீதமே இருந்தாலும் சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்ளும். அதற்குப் பதிலாக, வானிலைச் செயலிகளில் ‘டியூ பாயின்ட்’ என்று குறிக்கப்படும் எண்ணைப் பாருங்கள். காற்றைக் குளிர்வித்துக்கொண்டே போனால் அதிலுள்ள ஈரம் எந்த வெப்பநிலையில் பனித்துளியாகத் தொடங்குமோ அந்த வெப்பநிலை அது. அது 15 டிகிரிக்குள் இருந்தால் நடப்பது சுகம். 20ஐத் தாண்டினால் கசகசப்புத் தொடங்கும். 24க்கு மேல் போனால் வியர்வை உலராமல் உடல் தன்னைக் குளிர்வித்துக்கொள்ளத் திணறும். வெப்பநிலை ஒன்றாகவே இருக்கும் இரண்டு நகரங்களில் ஒன்றில் மாலை வரை சுற்ற முடிவதும், மற்றொன்றில் பத்து மணிக்கே அறைக்குத் திரும்பத் தோன்றுவதும் இதனால்தான்.

கேள்வி: மழைக்காலத்தை அறவே தவிர்த்துவிட வேண்டுமா?

பதில்: எந்த மழை என்பதைப் பொறுத்தது. மழைக்குப் பேர்போன லண்டனில் ஆண்டுக்குப் பெய்வது சுமார் 600 மில்லிமீட்டர். நியூயார்க்கில் அதைப் போல் ஏறத்தாழ இரு மடங்கு பெய்கிறது. லண்டன் மழை சிறு தூறலாகப் பல நாள்களில் பரவிக் கிடப்பதால் அந்தப் பெயர் வந்தது. ஆகவே மாதத்தின் மொத்த மழையளவை விட, மழை பெய்யும் நாள்கள் எத்தனை, அதுவும் எந்த வேளையில் பெய்கிறது என்பதே பயணிக்கு உதவும். கடல்மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கும் மெக்சிகோ சிட்டியில் மே முதல் அக்டோபர் வரை மழைக்காலம். ஆனால் காலைப் பொழுது பெரும்பாலும் வெளிச்சமாகவே இருக்கும், பிற்பகலுக்குப் பிறகுதான் இடியுடன் கொட்டும். காலையில் திறந்தவெளி இடங்களையும் பிற்பகலில் அருங்காட்சியகங்களையும் வைத்துக்கொண்டால், தூசி அடங்கிய தெளிவான காற்றில் நகரத்தைப் பார்க்கலாம். டோக்கியோவில் ஜூன் முற்பகுதியிலிருந்து ஜூலை நடுப்பகுதி வரை நீளும் மழைக்காலம் அப்படிப்பட்டதன்று. நாள் முழுவதும் மூட்டமும் நசநசப்புமாக இருக்கும், ஆயினும் ரயில்கள் ஓடும், நகரம் நிற்காது. மும்பையில் ஜூலை மழை ரயில் பாதையையே மூழ்கடித்து நகரத்தை நிறுத்திவிடக்கூடியது. ஹாங்காங்கில் 8ஆம் எண் புயல் எச்சரிக்கை ஏற்றப்பட்டால் அலுவலகங்களும் கடைகளும் மூடப்படும், படகுகள் நின்றுவிடும். அன்று அறைக்குள் இருப்பதைத் தவிர வழியில்லை. புயல் பருவத்தில் கடலோர நகரத்துக்குப் போகத்தான் வேண்டுமென்றால், திரும்பும் விமானத்துக்கும் அடுத்த அவசிய வேலைக்கும் நடுவே ஓரிரு நாள் இடைவெளி விட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: ‘சீசனுக்கு முன்னும் பின்னும்’ போனால் நல்லது என்கிறார்கள். அது எல்லா நகரத்துக்கும் பொருந்துமா?

பதில்: நான்கு பருவங்களும் தெளிவாகப் பிரிந்திருக்கும் நகரங்களுக்கு நன்றாகவே பொருந்தும், மே மாதமும் செப்டம்பரும் அங்கே கூட்டம், வெயில், கட்டணம் மூன்றும் ஓரளவு தணிந்த மாதங்கள். தென் அரைக்கோளத்தில் பருவங்கள் தலைகீழ் என்பதால், சிட்னிக்கோ பியூனஸ் அயர்சுக்கோ போகிறவர் அதற்கு நேரான மாதங்களாக நவம்பரையும் மார்ச்சையும் கொள்ள வேண்டும். சான் பிரான்சிஸ்கோ மட்டும் இந்தப் பொதுவிதிக்கு அடங்குவதில்லை. உள்நாட்டுச் சமவெளி கோடையில் கொதிக்கும்போது, குளிர்ந்த கடல் நீரோட்டத்தின் மேலிருந்து மூடுபனி நகருக்குள் இழுக்கப்படுகிறது. அதனால் ஜூலையில் அங்கே கம்பளிச் சட்டை தேவைப்படும். ஆண்டின் இதமான வெயில் செப்டம்பரிலும் அக்டோபரிலும்தான்.

கேள்வி: என் தாயாருக்கு வயது 68, ஆஸ்துமா உண்டு. டெல்லியைப் பார்க்க நெடுநாள் ஆசை. குளிர்காலமே ஏற்றது என்று எல்லோரும் சொல்வதால் நவம்பரில் அழைத்துப்போக எண்ணியிருக்கிறேன்.

பதில்: தயவுசெய்து நவம்பரில் அழைத்துப்போக வேண்டாம். வெப்பநிலையை மட்டும் பார்த்துச் சொல்லப்படும் ஆலோசனை எவ்வளவு தீங்காகிவிடும் என்பதற்கு உங்கள் கடிதமே சான்று. அக்டோபர் பிற்பகுதியிலும் நவம்பரிலும் பஞ்சாப், ஹரியானா வயல்களில் நெல் அறுவடைக்குப் பின் எரிக்கப்படும் பயிர்த்தாளின் புகை, வாகனப் புகையோடும் கட்டுமானத் தூசியோடும் சேர்ந்துகொள்கிறது. அந்தப் பருவத்தில் தரையை ஒட்டிய காற்று குளிர்ந்தும் அதற்கு மேலுள்ள காற்று வெதுவெதுப்பாகவும் இருப்பதால், புகை மேலே எழும்பிக் கலைய வழியின்றி நகரத்தின் மேல் மூடியிட்டதுபோல் தேங்கிவிடுகிறது. காற்றின் வேகமும் அப்போது குறைவு. டிசம்பரிலும் ஜனவரியிலும் இதோடு அடர்ந்த மூடுபனி சேர்ந்து, ரயில்களும் விமானங்களும் மணிக்கணக்கில் தாமதமாகின்றன. பிப்ரவரி பிற்பகுதியிலிருந்து மார்ச் நடுப்பகுதி வரையிலான வாரங்களைத் தேர்ந்தெடுங்கள். குளிர் தணிந்திருக்கும், வெயில் ஏறியிருக்காது, காற்றும் முன்னை விடத் தேறியிருக்கும். தோட்டங்களில் பூக்களும் இருக்கும். அப்போதும் காற்றின் தரக் குறியீட்டை நாள்தோறும் காலையில் பார்த்துவிட்டே வெளியே அழைத்துச் செல்லுங்கள், மருத்துவரிடம் முன்கூட்டியே பேசி மருந்தைக் கைப்பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். முதியவரோடு போகும்போது, அவருக்கு ஏற்ற பருவம்தான் எல்லோருக்கும் ஏற்ற பருவம்.

கேள்வி: ஜப்பானில் செர்ரி மலர்களைப் பார்க்க ஓராண்டுக்கு முன்பே தேதி குறித்துப் பயணச்சீட்டு எடுத்துவிடலாமா?

பதில்: எடுக்கலாம், ஆனால் தேதியைப் பூக்கள் அறியா. டோக்கியோவிலும் கியோட்டோவிலும் மார்ச் கடைசி வாரமும் ஏப்ரல் முதல் வாரமும் வழக்கமான காலம். முழுதாக மலர்ந்தபின் ஒரு வாரம் நிற்பதே அரிது, நடுவில் காற்றோ மழையோ வந்தால் அதுவும் இல்லை. கியோட்டோவில் செர்ரி மலர்ந்த நாள்கள் 9ஆம் நூற்றாண்டிலிருந்தே ஏடுகளில் பதிவாகியுள்ளன. அதுவரையிலான அவ்வளவு நீண்ட பதிவிலும் மிக முந்திய நாளாக 2021 மார்ச் 26 அமைந்தது. எனவே பழைய அட்டவணையை நம்பி ஏப்ரல் நடுப்பகுதியில் போகிறவர் இலைகளை மட்டுமே பார்க்க நேரும். ஒரே நகரத்தில் தங்காமல், தெற்கிலிருந்து வடக்காகச் செல்லும்படி இரண்டு நகரங்களை வைத்துக்கொண்டால், ஓரிடத்தில் உதிர்ந்துவிட்டாலும் மற்றோரிடத்தில் காணும் வாய்ப்பு இருக்கும். ஏப்ரல் 29 முதல் மே 5 வரை அங்கே அடுத்தடுத்து அரசு விடுமுறைகள் வருவதால் ரயிலும் விடுதிகளும் நிரம்பி வழியும். அந்த வாரத்தைத் தவிர்த்துவிடுங்கள். இஸ்லாமிய நாட்காட்டி சந்திரனைப் பின்பற்றுவதால் ரமலான் மாதம் ஆண்டுதோறும் சுமார் 11 நாள் முன்னே நகர்கிறது என்பதையும் மேற்கு ஆசிய நகரங்களுக்குப் போகிறவர்கள் கருத்தில் கொள்ள வேண்டும். சென்ற ஆண்டின் தேதி இந்த ஆண்டுக்கு உதவாது.

கேள்வி: நாங்கள் இருவரும் வேலைக்குப் போகிறவர்கள், பிள்ளைகள் படிக்கிறார்கள். பள்ளி விடுமுறையை விட்டால் வேறு காலம் இல்லை. எங்களுக்கு என்ன வழி?

பதில்: பருவத்தைத் தேர்ந்தெடுக்க முடியாதவர்கள் நகரத்தைத் தேர்ந்தெடுக்கலாம். விடுமுறை எந்த மாதமோ அந்த மாதத்தில் இதமாக இருக்கும் நகரங்கள் உலகில் எப்போதும் சில இருந்தே தீரும்: ஏப்ரலில் பாங்காக் ஆண்டின் உச்ச வெயிலில் இருக்கும்போது இஸ்தான்புல்லில் வசந்தம்; ஜூலையில் துபாயில் 40 டிகிரி தாண்டும்போது ஸ்டாக்ஹோமில் நீண்ட, மிதமான பகல். நகரம் ஏற்கெனவே முடிவாகிவிட்டது என்றால் நாளின் அமைப்பை மாற்றுங்கள். விடிந்ததும் கிளம்பி முற்பகலுக்குள் திறந்தவெளி இடங்களை முடித்துவிட்டு, நண்பகலில் அறைக்குத் திரும்பிப் பிள்ளைகளை உறங்கவைத்து, வெயில் தாழ்ந்தபின் மறுபடி இறங்கலாம். இதற்கு அறை நகரத்தின் நடுவிலேயே இருப்பது அவசியம். புறநகரில் கட்டணம் குறைவு என்று எடுத்துவிட்டால் நண்பகலில் திரும்புவது நடவாது. பாரிஸ் போன்ற நகரங்களில் ஆகஸ்டில் சிறு கடைகளும் உணவகங்களும் பலவும் உரிமையாளர்கள் விடுப்பில் போவதால் மூடியிருக்கும் என்பதையும் எதிர்பார்த்துப் போங்கள். பெரிய அருங்காட்சியகங்களுக்கு நேரம் குறித்த நுழைவுச்சீட்டை முன்பே எடுத்து, அதுவும் திறக்கும் வேளையின் முதல் நுழைவை எடுத்துவிட்டால், விடுமுறைக் கூட்டத்தின் பெரும்பகுதி உள்ளே வருவதற்குள் நீங்கள் பார்க்க விரும்பிய முக்கியமான அறைகளைப் பார்த்துவிடலாம்.