600 யூரோவில் அல்பேனியா: ஹாஸ்டல் படுக்கையில் மிச்சம் பிடிக்கலாமா?

கேள்வி: வணக்கம் ஐயா. ஜெர்மனியில் முதுகலைப் படிப்பின் முதல் வருடத்தை முடிக்கிறேன். பிளாக்டு அக்கவுன்ட்டிலிருந்து (மாணவர் விசாவுக்காக முன்கூட்டியே பணம் போட்டு வைக்கும் கணக்கு) மாதம் 992 யூரோ வருகிறது. அது வாடகைக்கும் சாப்பாட்டுக்குமே சரியாகப் போய்விடும். பகுதிநேர வேலையில் தனியாக 600 யூரோ சேர்த்திருக்கிறேன். செப்டம்பரில் அல்பேனியா போக ஆசை, முக்கியமாக ஜிரோகாஸ்டர் என்ற பழைய ஊருக்கு. தலைநகர் டிரானாவுக்குப் போக வர விமானம் 110 யூரோ. ஒன்பது இரவுகளில் டிரானா, பெராட், ஜிரோகாஸ்டர், சரண்டா, க்சமில் என்று ஐந்து ஊர் பார்க்கத் திட்டம். ஜிரோகாஸ்டரில் இரண்டு ஹாஸ்டல் பார்த்து வைத்திருக்கிறேன். ஒன்று கீழே புது நகரத்தில்: 12 பேர் அறை, ஒரு படுக்கை 11 யூரோ, கட்டிய பணம் திரும்பாது. இன்னொன்று மேலே பழைய நகரத்தில்: 6 பேர் அறை, காலை உணவோடு 16 யூரோ, ரத்து செய்துகொள்ளலாம். எதை எடுக்கலாம்? லெக் நாணயத்தை இங்கேயே வாங்கிக்கொண்டு போகவா? ஊரில் 18 லட்சம் ரூபாய் கல்விக்கடன் 10 சதவீத வட்டியில் இருக்கிறது. "வட்டியைக் கட்டாமல் என்ன ஊர் சுற்றல்?" என்று அப்பா கேட்கிறார். போகலாமா?

பதில்: போகலாம். ஆனால் ஒன்பது இரவு ஐந்து ஊர் என்ற திட்டத்தோடு வேண்டாம், 600 யூரோ முழுவதையும் எடுத்துக்கொண்டும் வேண்டாம்.

அப்பாவின் கேள்வியை முதலில் பார்ப்போம், அது நியாயமான கேள்வி. 18 லட்சத்துக்கு 10 சதவீதம் என்றால் மாத வட்டி 15,000 ரூபாய், இன்றைய மதிப்பில் ஏறக்குறைய 150 யூரோ. ஆக உங்கள் கையிருப்பு நான்கு மாத வட்டி. படிக்கும் காலத்தில் வட்டி கட்டாவிட்டால் அது பக்கத்தில் சேர்ந்துகொண்டே போகும். தவணை தொடங்கும்போது அசலோடு சேர்க்கப்பட்டு, அதற்கப்புறம் வட்டிக்கும் வட்டி ஓடும். படிக்கும்போதே வட்டியைத் தவறாமல் கட்டி வருபவர்களுக்குச் சில வங்கிகள் வட்டி விகிதத்தில் சலுகை தருகின்றன. உங்கள் வங்கியில் அது உண்டா என்று அப்பாவை ஒரு முறை கிளைக்குப் போய்க் கேட்கச் சொல்லுங்கள்.

அதற்காக, படிப்பு முடியும்வரை எங்கும் போகக்கூடாது என்று நான் சொல்ல மாட்டேன். ஐரோப்பாவில் இருக்கும்போது 110 யூரோவில் போய்விடும் இடத்துக்குப் பின்னாளில் சென்னையிலிருந்து போக எத்தனை மடங்கு ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். என் யோசனை: பயணத்துக்கு 480 யூரோ, வட்டிக்கு 120 யூரோ. இதிலும் ஒரு நிபந்தனை உண்டு. அக்டோபரில் தொடங்கும் அடுத்த செமஸ்டருக்கான கட்டணத்தைத் தனியாக எடுத்து வைத்துவிட்டீர்களா? இல்லையென்றால் இந்த 600-இலிருந்து முதலில் அதை எடுங்கள், பயணத்தை அடுத்த ஏப்ரல் அல்லது மேக்குத் தள்ளுங்கள். வசந்த காலத்தில் அந்த ஊர் செப்டம்பருக்குக் கொஞ்சமும் குறைந்ததில்லை. இப்போது வாங்கிவிட்டுப் பிறகு தவணையில் கட்டும் வசதிகளை இதற்குத் தொடவே வேண்டாம்.

இனி படுக்கைக்கு வருவோம். கேள்வியில் நீங்கள் அதிகம் கவலைப்பட்டது அந்த 5 யூரோ வித்தியாசத்தைப் பற்றித்தான். ஜிரோகாஸ்டர் மலைச்சரிவில் கட்டிய ஊர். ஓட்டோமான் காலத்துக் கல்வீடுகள், கல்பலகை வேய்ந்த கூரைகள், உச்சியில் கோட்டை. 2005-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. 2008-இல் பெராட்டும் அதே பதிவில் இணைந்தது. நீங்கள் பார்க்கப் போகும் எல்லாம் மேலே இருக்கிறது. பேருந்து உங்களை இறக்கிவிடுவது கீழே, புது நகரத்து நெடுஞ்சாலையில். இரண்டுக்கும் நடுவே நல்ல ஏற்றம், மேலே போகப் போகக் கல் பாவிய தெரு. கீழே தங்கினால் தினமும் ஒரு முறையாவது அந்த ஏற்றத்தை ஏறி இறங்க வேண்டும். முதல் நாள் உற்சாகமாக ஏறுவீர்கள். மூன்றாம் நாள் டாக்சியைக் கூப்பிடுவீர்கள், சில நூறு லெக் போகும்.

11 யூரோ படுக்கையில் காலை உணவு இல்லை. வெளியே ஒரு பைரெக்கும் (உள்ளே பூரணம் வைத்துச் சுட்ட அடுக்கு ரொட்டி) காப்பியும் என்றாலே 2 யூரோவுக்கு மேல் ஆகும், கூட ஒரு பழமோ தயிரோ சேர்த்தால் 3. ஆக அது உண்மையில் 14 யூரோ படுக்கை. அதில் டாக்சியை ஒரு நாள் விட்டு ஒரு நாள் சேர்த்தால் 16-ஐத் தொட்டுவிடும். அதே பணத்துக்கு மேலே ஆறு பேர் அறையில், கோட்டைக்கு நடந்துபோகும் தூரத்தில் தூங்கலாம்.

பணம் திரும்பாது என்ற நிபந்தனைக்கும் ஒரு விலை உண்டு. ஐந்து இரவுக்கு 11 யூரோ வீதம் 55 யூரோ கட்டிவிடுகிறீர்கள். செப்டம்பரில் மறுதேர்வு வரலாம், வேலையிடத்தில் ஷிப்ட் மாறலாம், வெளிநாட்டவர் அலுவலகத்திலிருந்து திடீரென்று அப்பாயின்ட்மென்ட் வரலாம். மாணவர் வாழ்க்கையில் பயணம் தள்ளிப்போக ஐந்தில் ஒரு வாய்ப்பாவது இருக்கிறது என்றே நான் கணக்கு வைப்பேன். 55-இல் ஐந்தில் ஒன்று 11 யூரோ. மலிவு என்று நினைத்ததில் இன்னும் ஒரு இரவு வாடகை காணாமல் போகிறது. ரத்து செய்யக்கூடியதையே எடுங்கள். அங்கே பல ஹாஸ்டல்கள் கையில் ரொக்கமாகத்தான் வாங்குகின்றன, அதை முன்கூட்டியே எழுதிக் கேட்டுவிடுங்கள்.

உங்கள் பட்ஜெட்டை உண்மையில் கரைப்பது ஐந்து ஊர்த் திட்டம். ஒவ்வொரு இடமாற்றமும் பேருந்துக் கட்டணம், நிலையத்திலிருந்து தங்குமிடத்துக்கு ஒரு வண்டி, வழியில் அவசரச் சாப்பாடு, அரை நாள் நேரம் என்று தின்னும். ஜிரோகாஸ்டருக்கும் பெராட்டுக்கும் இடையே நேரடிப் பேருந்து குறைவு. தவறவிட்டால் வேறு ஊர் வழியாகச் சுற்ற வேண்டும். க்சமில் கடற்கரை ஊர், அங்கே விலையும் கடற்கரை விலைதான். அதனால் ஏழு இரவாகக் குறைத்து, போகும்போது ஒன்று, திரும்பும்போது ஒன்று டிரானாவில், நடுவே ஐந்தும் ஜிரோகாஸ்டரில் என்று வைத்துக்கொள்ளுங்கள். பெராட்டை விடுவது வருத்தம்தான், ஒப்புக்கொள்கிறேன். அது இன்னொரு பயணத்துக்குரிய ஊர். சரண்டாவை ஒரே நாளில் போய்த் திரும்பலாம். அங்கே போகும் பழைய சாலையில்தான் சிரி இ கால்டர் என்ற நீல நீரூற்று இருக்கிறது. பேருந்து அந்த வழியாகப் போகிறதா என்று ஏறும் முன் கேட்டுக்கொள்ளுங்கள்; போனால் சாலை முனையில் இறங்கி உள்ளே நடந்தால் போதும், அதற்கென்று ஹாஸ்டல்கள் விற்கும் சுற்றுலா தேவையில்லை.

ஐந்து நாள் ஒரே ஊரில் சலிக்காதா என்றால், சலிக்காது. கோட்டைக்கு ஒரு முழுக் காலைப்பொழுது ஆகும்; உள்ளே பனிப்போர்க் காலத்து அமெரிக்க விமானம்கூட நிற்கிறது. நகரத்துக்கு அடியில் கம்யூனிச ஆட்சி தோண்டிய பதுங்கு சுரங்கத்தைச் சுற்றிக் காட்டுகிறார்கள். அந்த ஆட்சியின் சர்வாதிகாரி என்வர் ஹோஜா பிறந்த வீடு இருந்த இடத்தில் இனவரைவியல் அருங்காட்சியகம் இருக்கிறது. ஸ்கெந்துலி வீடு என்ற பழைய கல்வீட்டை அந்தக் குடும்பத்தாரே அறை அறையாகக் காட்டுவார்கள். 1811, 1812-இல் கட்டிய ஸெகாதே வீட்டின் மேல்மாடியிலிருந்து பள்ளத்தாக்கு முழுவதும் தெரியும். டிக்கெட்டுகள் ஒவ்வொன்றும் சில நூறு லெக்தான். மாலையில் ஊரே தெருவில் உலாப் போகும், அதற்குக் காசில்லை.

சாப்பாட்டில் உங்களுக்கு ஒரு நல்ல செய்தி. அந்த ஊரின் சொந்தப் பலகாரம் கிஃப்கி: சோற்றோடு முட்டையும் புதினாவும் பிசைந்து, நம் பணியாரக் கல் மாதிரி குழிகள் உள்ள சட்டியில் சுட்டெடுப்பது. வயிறு நிறையும், விலையும் குறைவு. மதியம் பைரெக், இரவு உணவகத்தில் ஒரு வேளை என்று வைத்துக்கொண்டால் நாளுக்கு 1,600 லெக் தாராளம்.

இப்போது லெக். இதில்தான் பலர் ஏமாறுகிறார்கள், யாரும் ஏமாற்றாமலேயே. 2020-இல் ஒரு யூரோவுக்கு 120 லெக்குக்கு மேல் கிடைத்தது. 2024-இல் அது 100-க்கும் கீழே இறங்கியது. 1,500 லெக் அறை அன்று 12 யூரோ, இன்று 15 யூரோவுக்கு மேல். அங்கே விலை ஏறாமலே உங்களுக்கு ஏறிவிட்டது. ஆகவே நான்கைந்து வருடம் பழைய பயணக் குறிப்புகளில் யூரோவில் போட்டிருக்கும் செலவை நம்பிப் பட்ஜெட் போடாதீர்கள். எல்லாவற்றையும் லெக்கில் எழுதி, இன்றைய மதிப்பில் மாற்றிப் பாருங்கள். நான் கீழே 97 என்று வைத்துப் போட்டிருக்கிறேன்.

ஜெர்மனியில் லெக் தேட வேண்டாம். அல்பேனியாவுக்கு வெளியே அது எளிதில் கிடைக்காது, கிடைத்தாலும் மோசமான விலைக்குத்தான். 200 யூரோ ரொக்கம் எடுத்துப் போய் அங்குள்ள நாணய மாற்றுக் கடையில் மாற்றுங்கள். வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் அங்கே வித்தியாசம் மிகக் குறைவு. விமான நிலையத்தில் பேருந்துக்குத் தேவையானதை மட்டும் மாற்றி, மீதியை ஊருக்குள் போய் மாற்றிக்கொள்ளுங்கள். ஏடிஎம்மில் எடுத்தால் ஒவ்வொரு முறையும் பல நூறு லெக் கட்டணம் பிடிக்கிறார்கள், அரை நாள் சாப்பாடு அது. கார்டை அவசரத்துக்கு மட்டும் வைத்திருங்கள். எடுக்க நேர்ந்தால் திரை "யூரோவில் கணக்கிடவா?" என்று கேட்கும். வேண்டாம் என்று சொல்லி லெக்கிலேயே எடுங்கள். கடைகளில் யூரோவும் வாங்குவார்கள், ஆனால் அவர்கள் வசதிக்கு முழு எண்ணாக்கித்தான்.

இன்னொன்று. 1965-இல் அந்த நாட்டு நாணயத்தில் ஒரு பூஜ்யத்தை நீக்கினார்கள்: பத்துப் பழைய லெக் ஒரு புது லெக். இத்தனை வருடம் கழித்தும் பேச்சில் பழைய கணக்கு ஓடுகிறது. சந்தையில் ஒருவர் "ஐயாயிரம்" என்று சொன்னால் அவர் மனதில் இருப்பது 500 ஆக இருக்கலாம். பதறவும் வேண்டாம், 5,000-ஐ நீட்டவும் வேண்டாம். காகிதத்தில் எழுதிக் காட்டச் சொல்லுங்கள்.

மொத்தக் கணக்கு இப்படி வருகிறது. விமானம் 110 யூரோ. ஏழு இரவுப் படுக்கை சராசரி 16 வீதம் 112. சாப்பாடு 11,200 லெக், பேருந்தும் உள்ளூர்ப் போக்குவரத்தும் 5,000, நுழைவுச்சீட்டுகள் 1,500. மூன்றும் சேர்ந்து 17,700 லெக், அதாவது ஏறக்குறைய 182 யூரோ. காப்பீட்டுக்கும் இணையத்துக்கும் 27. ஆக 431. மீதி 49 யூரோவைத் தொடாமல் வையுங்கள். விமானத்தின் 110-இல் பை கட்டணம் சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் இருக்கைக்குக் கீழே வைக்கும் சின்ன முதுகுப்பையோடு போங்கள், அந்தக் கல்தெருவில் சக்கரப் பெட்டியை இழுக்கவும் முடியாது.

காப்பீடும் இணையமும் ஏன் என்றால், அல்பேனியா ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லை. உங்கள் ஜெர்மன் காப்பீட்டு அட்டையின் பின்பக்கத்து ஐரோப்பிய அட்டை அங்கே செல்லாது. வருடத்துக்கு 10 முதல் 20 யூரோவில் வெளிநாட்டுப் பயண மருத்துவக் காப்பீடு கிடைக்கும், அதை விடாதீர்கள். ஒன்றியத்துக்குள் இலவசமாகத் தோன்றும் ரோமிங்கும் அங்கே கிடையாது. விமானம் ஏறும் முன்பே மொபைல் டேட்டா ரோமிங்கை அணைத்துவிட்டு, ஈ-சிம் ஒன்று போட்டுக்கொள்ளுங்கள். செல்லுபடியாகும் ஜெர்மன் ரெசிடென்ஸ் பெர்மிட் இருந்தால் இந்தியப் பாஸ்போர்ட்டுக்குத் தனி விசா வேண்டாம். ஆனால் அட்டை காலாவதியாகி, புதுப்பிக்கக் கொடுத்த தற்காலிகத் தாளை மட்டும் நம்பிக் கிளம்பாதீர்கள். அட்டையின் தேதியைப் பார்த்த பிறகுதான் விமான டிக்கெட்டை வாங்க வேண்டும்.

திரும்பும் நாளில் கையில் லெக் மிஞ்சினால் டிரானா நகருக்குள்ளேயே யூரோவாக மாற்றிவிடுங்கள். தொடாத 49-இல் மிஞ்சியதையும் அதையும் 120-ஓடு சேர்த்து, வந்த வாரத்திலேயே கல்விக்கடன் கணக்குக்கு அனுப்புங்கள். அனுப்பும்போது "வட்டிக்கு" என்று குறித்து, வங்கி அதை அப்படியே வரவு வைத்ததா என்று அப்பாவிடம் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.