8 லட்சத்தை ஒத்திக்குக் கொடுக்கலாமா?

மதுரை வில்லாபுரத்தில் வாடகைக்கு இருக்கும் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "மாதம் 38,000 ரூபாய் சம்பளம், வாடகை 9,000. ஊரில் பூர்வீக நிலத்தை விற்றதில் என் பங்காக 8 லட்சம் வந்திருக்கிறது. ஆனையூர் பக்கம் ஒரு வீட்டை 3 வருடத்துக்கு 8 லட்சம் ஒத்திக்குத் தருகிறோம் என்கிறார்கள். மச்சான், ஒத்தக்கடை தாண்டி ஒரு பிளாட் (வீட்டு மனை) வாங்கிப் போடச் சொல்கிறார். மனைவி பேங்கிலேயே இருக்கட்டும் என்கிறாள். எது சரி?"

ஒத்தி என்றால் வீட்டுக்காரருக்கு மொத்தமாக ஒரு தொகை கொடுத்து, வாடகையில்லாமல் குடியிருந்து, கெடு முடிந்ததும் அந்தத் தொகையைத் திரும்ப வாங்கிக்கொள்வது. முதலில் கணக்கைப் பார்த்துவிடுவோம். 8 லட்சத்தை 6.5 சதவீத வட்டிக்கு எஃப்.டி.யில் போட்டால் வருடம் 52,000 வரும், மாதத்துக்கு 4,300 சொச்சம். ஒத்திக்குக் கொடுத்தால் மாதம் 9,000 வாடகை மிச்சம், வருடத்துக்கு 1,08,000. அதாவது 13.5 சதவீத வட்டி. எந்த பேங்கும் டெபாசிட்டுக்கு இவ்வளவு தராது. மதுரையில் ஒத்தி வீட்டுக்கு இருக்கும் கிராக்கிக்கு இதுதான் காரணம்.

அதே கணக்கை வீட்டுக்காரர் பக்கம் நின்று போட்டுப் பாருங்கள். 13.5 சதவீதச் செலவில் உங்களிடம் கடன் வாங்குகிறார். சொந்த வீடு வைத்திருப்பவர் அந்த வீட்டையே அடமானம் வைத்து இதைவிடக் குறைந்த வட்டிக்கு பேங்கில் வாங்க முடியுமே, ஏன் வாங்கவில்லை? வருமானத்துக்குக் காகிதம் இல்லாமல் இருக்கலாம், மகள் கல்யாணத்துக்கு அவசரமாக இருக்கலாம், அதெல்லாம் நியாயமான காரணம்தான். ஆனால் அந்த வீட்டின் மேல் ஏற்கெனவே கடன் நிற்கிறது என்பதும் ஒரு காரணமாக இருக்கலாம். இதைத் தெரிந்துகொள்ளாமல் அட்வான்ஸ் கூடக் கொடுக்காதீர்கள். நீங்கள் குடிபோவது உண்மைதான், ஆனால் அதைவிட முக்கியமாக 8 லட்சம் கடன் கொடுக்கிறீர்கள், அதனால் கடன் கொடுக்கிறவர் கேட்கும் எல்லாவற்றையும் கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது.

மூலப் பத்திரத்தை அசலாகப் பார்க்க வேண்டும். ஜெராக்ஸை நீட்டி, "அசல் ஊரில் அப்பாகிட்ட பத்திரமா இருக்கு" என்றால், வரவழைத்துக் காட்டும்வரை பேச்சை நிறுத்திவையுங்கள். கலர் ஜெராக்ஸும் இப்போது அசல் மாதிரியே இருக்கும், கையில் வாங்கிப் புரட்டிப் பாருங்கள். அசல் இல்லையென்றால் பெரும்பாலும் அது ஏதோ பேங்கிலோ ஃபைனான்ஸிலோ இருக்கிறது என்று அர்த்தம். கடன் கட்டாமல் வீடு ஏலத்துக்கு வந்தால் உங்களுக்கு முன்னால் அவர்களுக்குத்தான் உரிமை. அடுத்து வில்லங்கம், அதாவது அந்தச் சொத்தின் மேல் பதிவான விற்பனை, அடமான விவரம். பதிவுத்துறையின் இணையதளத்திலேயே காசு கட்டாமல் பார்க்கலாம், 30 வருடத்துக்குப் பாருங்கள். ஆனால் பதிவு செய்யாத ஒத்தி வில்லங்கத்தில் வராது, அதனால் ஏற்கெனவே குடியிருப்பவரிடமும் அக்கம்பக்கத்திலும் விசாரிப்பது அவசியம். ஒரே வீட்டைக் காட்டி இரண்டு மூன்று பேரிடம் ஒத்திப் பணம் வாங்குவது நடக்கிறது. பட்டாவில் அண்ணன் தம்பி பெயர்கள் இருந்தால் எல்லோரும் கையெழுத்துப் போட வேண்டும்.

அப்புறம் ஒப்பந்தம். முத்திரைத்தாளில் 11 மாதத்துக்கு எழுதி, நோட்டரி சீல் வைத்து முடிப்பதுதான் இங்கே வழக்கம். பணம் கொடுத்ததற்கு அது ஒரு சாட்சி, அவ்வளவுதான், அந்த வீட்டின் மேல் உங்களுக்கு எந்தப் பிடியையும் தராது. சொத்துரிமை மாற்றுச் சட்டம் 1882-இன்படி, வீட்டைக் கையில் கொடுத்து வாங்கும் ஒத்தி அடமானம் பதிவுசெய்த பத்திரமாக இருந்தால்தான் செல்லும். பதிவு செய்துவிட்டால் வில்லங்கத்தில் ஏறிவிடும், உங்களுக்குத் தெரியாமல் சத்தமில்லாமல் விற்க முடியாது, பணம் திரும்பி வரும்வரை வீட்டை விடாமல் இருக்கவும் உரிமை உண்டு. முத்திரைக் கட்டணமும் பதிவுக் கட்டணமும் கையைக் கடிக்கும். பாதிப் பாதி போட்டுக்கொள்ளலாமா என்று கேளுங்கள், அவர் சம்மதிக்காவிட்டால் முழுச் செலவையும் நீங்களே ஏற்றாலும் தப்பில்லை என்பேன். செலவு முழுக்க என்னுடையது என்ற பிறகும் ஒருவர் பதிவுக்கு வர மறுக்கிறார் என்றால் அந்த வீடு வேண்டாம்.

பணத்தை பேங்க் வழியாக மட்டும் கொடுங்கள். 20,000 ரூபாயோ அதற்கு மேலோ கடனாக ரொக்கத்தில் வாங்குவதை வருமான வரிச் சட்டம் அனுமதிப்பதில்லை.

இவ்வளவும் சரியாக இருந்தாலும் 8 லட்சத்தையும் ஒரே வீட்டில் முடக்குவதை நான் ஆதரிக்க மாட்டேன், ஏனென்றால் உங்களிடம் இருப்பதே அவ்வளவுதான். 5 லட்சம் ஒத்தி, மாதம் 3,000 வாடகை என்று பேசிப் பாருங்கள், பலர் ஒத்துக்கொள்வார்கள். மீதி 3 லட்சம் எஃப்.டி.யில் இருக்கட்டும், ஆஸ்பத்திரிச் செலவோ வேலை போவதோ சொல்லிக்கொண்டு வராது. வாடகையில் மிச்சமாகும் 6,000-ஐ அந்த மாதமே ஆர்.டி.யில் (மாதாமாதம் கட்டும் சேமிப்பு) போட்டால் மூன்று வருடத்தில் வட்டியோடு 2.35 லட்சத்துக்கு மேல் சேர்ந்திருக்கும். இதைச் செய்யாவிட்டால் ஒத்தியால் ஒரு லாபமும் இல்லை, மிச்சமான வாடகை கடைக்கும் ஹோட்டலுக்கும் போய்விடும்.

மச்சான் சொல்லும் பிளாட் இப்போது வேண்டாம். வாங்கினாலும் வாடகை தொடரும், பதிவுக்கே 9 சதவீதம் போகும், வீடு கட்டக் கையில் ஒன்றும் இருக்காது. அங்கீகாரம் இல்லாத மனை என்றால் பேசவே வேண்டாம். மூன்று வருடம் கழித்துக் கையில் 10, 11 லட்சம் சேர்ந்திருக்கும்போது வீட்டுக் கடனோடு சேர்த்து யோசிக்கலாம். 8.5 சதவீதத்தில் 20 வருடத்துக்கு 15 லட்சம் வாங்கினால் மாதத் தவணை 13,000 ரூபாய், உங்கள் சம்பளம் தாங்கும். 20 லட்சம் என்றால் 17,400, அது இன்றைய சம்பளத்துக்கு மூச்சுத் திணறும்.

கடைசியாக ஒன்று. ஒத்தி முடியும்போது, "வேறு ஆள் வந்தால்தான் பணம் தர முடியும்" என்று இழுத்தடிப்பதுதான் அதிகம் வரும் தகராறு. கெடுவுக்கு மூன்று மாதம் முன்பே பதிவுத் தபாலில் எழுதிக் கொடுத்துவிடுங்கள். பணம் உங்கள் கணக்கில் ஏறிய பிறகு, ஒத்தி தீர்ந்தது என்று காட்டும் ரசீதுப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுச் சாவியைக் கொடுங்கள். அடுத்த வாரம் தருகிறேன் என்ற வார்த்தையை நம்பி முன்கூட்டியே காலி செய்யாதீர்கள், எவ்வளவு பழகியவராக இருந்தாலும்.