மகளின் கண்டுபிடிப்பா, கேம்பஸ் வேலையா? ஈரோட்டுத் தந்தைக்கு ஒரு பதில்

ஐயா, நீங்கள் அனுப்பிய வீடியோவை இரண்டு தடவை பார்த்தேன். பாட்டிலில் கருநீலச் சாயத்தண்ணீர். உங்கள் மகள் ஒரு கரண்டி கறுப்புப் பொடியைப் போட்டுக் குலுக்கி வைக்கிறார், கொஞ்ச நேரத்தில் தண்ணீர் தெளிந்துவிடுகிறது. எம்.டெக். முடிக்கும் வயதில் இது பெரிய விஷயம். கேம்பஸ் வேலையை விட்டுவிட்டு கம்பெனி தொடங்குகிறேன் என்கிறாரே என்று நீங்கள் பதறுவதும் புரிகிறது.

அவசரமானதை முதலில் சொல்கிறேன். அந்த வீடியோவை இனி யாருக்கும் அனுப்பாதீர்கள். அடுத்த மாதக் கருத்தரங்கில் மகள் கட்டுரை படிப்பதற்கு முன்பே காப்புரிமை விண்ணப்பம் போயாக வேண்டும். ஊரறியச் சொல்லிவிட்டால் 'புதியது' என்ற தகுதி போய்விடும். சட்டத்தில் விதிவிலக்கு உண்டு, ஆனால் குறுகலானது, அதை நம்பக் கூடாது. ஆய்வு முழுமையாக முடியாவிட்டாலும் ப்ரொவிஷனல், அதாவது தற்காலிக, விண்ணப்பம் போடலாம். முழு விண்ணப்பத்துக்கு 12 மாதம் அவகாசம் கிடைக்கும்.

கல்லூரி ஆய்வகத்தில் பிறந்தது என்பதால் உரிமை பெரும்பாலும் கல்லூரிக்குத்தான். இதில் வருத்தப்பட ஒன்றுமில்லை. கூகுளின் தேடல் முறைக்கான காப்புரிமையே ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்திடம்தான் இருந்தது. அதை உருவாக்கிய மாணவர்கள் பல்கலைக்கழகத்திடம் உரிமம் (லைசென்ஸ்) வாங்கித்தான் தொழில் செய்தார்கள். உங்கள் மகளும் உரிமத்தின் நிபந்தனைகளை எழுத்தில் வாங்கட்டும்.

இனி முக்கியமான கேள்வி: இதற்குக் காசு கொடுக்கப்போவது யார்? சாயப்பட்டறையின் தலைவலி நிறம் மட்டுமல்ல, உப்பு. பருத்திக்குச் சாயமேற்ற உப்பைக் கொட்டுகிறார்கள். நிறம் போனாலும் உப்பு தண்ணீரிலேயே நிற்கும். 2011இல் உயர் நீதிமன்ற உத்தரவால் திருப்பூர்ப் பட்டறைகள் மூடப்பட்ட பிறகு, ஒரு சொட்டுக் கழிவும் வெளியே விடக் கூடாது என்ற கட்டுப்பாட்டோடுதான் தொழில் நடக்கிறது. உப்பை வடிகட்டும் ஆர்.ஓ., மிஞ்சிய உப்புநீரை ஆவியாக்கும் எவாப்பரேட்டர் என்று செலவு முழுக்க அங்கேதான். இந்தப் பொடி ஆர்.ஓ.வில் வடிகட்டும் சவ்வான மெம்பரேனின் ஆயுளைக் கூட்டுமா? சாயத்தை உறிஞ்சிய பொடியை எங்கே கொட்டுவது? பட்டறைக்காரர் இதைத்தான் கேட்பார். ஆய்வுக் கட்டுரையில் இதற்குப் பதில் இருக்காது.

காலமும் பிடிக்கும். சென்னை ஐஐடியில் பேராசிரியர் சத்தியநாராயணன் சக்கரவர்த்தியின் துணையோடு 2017இல் தொடங்கிய அக்னிகுல் என்ற ராக்கெட் நிறுவனம், முப்பரிமாண அச்சில் ஒரே துண்டாக வார்த்த எஞ்சினோடு தன் முதல் ராக்கெட்டைப் பறக்கவிட்டது 2024 மே 30 அன்று. அதற்கு முன் நான்கு முயற்சிகள் கடைசி நேரத்தில் நின்றுபோயின.

சரி, வேலை? இப்போதே வேண்டாம் என்று எழுதிக் கொடுக்க வேண்டாம். சேரும் தேதி வரைக்கும் பத்துப் பட்டறைகளுக்கும் ஒரு பொதுச் சுத்திகரிப்பு நிலையத்துக்கும் போய்வரச் சொல்லுங்கள். உள்ளூர்க்காரர் நீங்கள், முதல் நாள் கூடவே போங்கள். ஒரே ஒருவராவது தன் தொட்டியில் சோதித்துப் பார்க்கச் செலவை ஏற்றுக்கொண்டால், அப்புறம் வேலையை விடுவது பற்றி நாம் மூவரும் உட்கார்ந்து பேசலாம்.