கேள்வி – பதில்: ஹைட்ரஜனில் ஓடும் தொலைதூரப் பேருந்து

கே: நகரப் பேருந்துக்கு 60, 70 கிலோவாட் ஃபியூயல் செல் (ஹைட்ரஜனிலிருந்து மின்சாரம் தயாரிக்கும் கருவி) போதும் என்கிறார்கள். அதையே தொலைதூரப் பேருந்திலும் பொருத்தினால் என்ன?

ப: நெடுஞ்சாலையில் திணறிவிடும். நகரப் பேருந்து நின்று நின்று போவது. புறப்படும்போது பேட்டரி கைகொடுக்கும், பிரேக் பிடிக்கும்போது கொஞ்சம் திரும்ப ஏறிக்கொள்ளும். நெடுஞ்சாலையில் பிரேக் பிடிப்பதே அபூர்வம். 18 டன் வண்டி சமதளத்தில் மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் போக, காற்றின் எதிர்ப்புக்கே ஏறக்குறைய 50 கிலோவாட், டயர் உருள்வதற்கு 30. மோட்டார், கியர் இழப்பையும் ஏசியையும் சேர்த்தால் 100-ஐத் தொடும். மணிக்கணக்கில் இதை ஃபியூயல் செல்தான் தந்தாக வேண்டும். முழுத் திறனிலேயே ஓட்டினால் ஹைட்ரஜனும் கூடுதலாகச் செலவாகும், ஆயுளும் குறையும். ஆகவே ஃபியூயல் செல்லுக்குள் காற்றைத் தள்ளும் கம்ப்ரசர் தின்றதுபோக 120 கிலோவாட்டாவது வெளியே வரும்படி தேர்ந்தெடுங்கள்.

மலைப்பாதை என்றால் பேட்டரியையும் கணக்கில் சேர்க்க வேண்டும். 5% ஏற்றத்தை 60 கி.மீ. வேகத்தில் ஏற மொத்தம் 210 கிலோவாட் தேவை. ஃபியூயல் செல் 120 தந்தால், மீதி 90 பேட்டரியிலிருந்து. பத்து கி.மீ. ஏற்றத்துக்குப் பத்து நிமிடம். 15 யூனிட் காலி. பேட்டரியை அடிமட்டம்வரை இறக்கக் கூடாது என்பதால் 40 யூனிட் பேட்டரி வைப்பது நல்லது. பலர் மறப்பது இறக்கத்தை: பேட்டரி நிறைந்திருந்தால் மோட்டாரால் பிரேக் பிடிக்க முடியாது. மோட்டார் பிரேக் பிடிக்கும்போது உண்டாகும் மின்சாரத்தை வெப்பமாக்கிக் கழிக்கும் ரெசிஸ்டர் இல்லாமல் மலைக்கு அனுப்பவே கூடாது.

கே: 600 கி.மீ. போக எவ்வளவு ஹைட்ரஜன் வேண்டும்? சிலிண்டரை எங்கே வைப்பது?

ப: ஒரு கிலோவில் 33 யூனிட் ஆற்றல் இருக்கிறது, மின்சாரமாகக் கைக்கு வருவது பாதி, சுமார் 16. மேலே சொன்ன வேகத்தில் கிலோமீட்டருக்கு ஒரு யூனிட் என்றால் 38 கிலோ, கையிருப்போடு 42. ஹைட்ரஜனின் எடை பயமுறுத்தாது, இடம்தான் பயமுறுத்தும். 350 பார் (ஏறக்குறைய வளிமண்டலத்தைப்போல 350 மடங்கு) அழுத்தத்தில் ஒரு லிட்டருக்கு 24 கிராம்தான் அடங்கும்; 1,750 லிட்டர் கொள்ளளவு தேவை. கார்பன் இழை சிலிண்டர்களே முக்கால் டன் வரும். 700 பார் என்றால் 1,050 லிட்டர் போதும். ஆனால் நிரப்பும்போது வாயு சூடேறி சிலிண்டர் 85 டிகிரியைத் தாண்டாமலிருக்க, ஹைட்ரஜனை மைனஸ் 40 டிகிரிவரை முன்கூட்டியே குளிர்விக்கும் நிலையம் வேண்டும்.

கூரைதான் பாதுகாப்பான இடம், கசிந்தால் மேலே போய்விடும். ஆனால் ஏற்கெனவே உயரமான வண்டியின் உச்சியில் முக்கால் டன் ஏறினால் வளைவில் சாயும் போக்கு கூடும். கூரைச் சட்டங்களையும் தூண்களையும் புதிதாக வடிவமைக்க வேண்டும். லக்கேஜ் அறையில் வைத்தால் பயணிகளின் பெட்டிக்கு இடமில்லை, வாயு தேங்காமலிருக்கக் காற்றோட்டமும் தேவை. சரிபாதியாகப் பிரிப்பது சமரசம்போலத் தோன்றும்; குழாயும் இணைப்பும் கூடும், இணைப்பு கூடினால் கசியும் இடமும் கூடும். கூரையை வலுப்படுத்துவதே எங்கள் தேர்வு.

கே: டீசல் வண்டியைவிட ரேடியேட்டர் ஏன் இவ்வளவு பெரிது?

ப: டீசல் எஞ்சினின் வெப்பத்தில் பெரும்பங்கு புகையோடு போய்விடும். ஃபியூயல் செல் 70 டிகிரியில் ஓடுவது. அதிலிருந்து வெளியேறும் ஈரக்காற்று அதிக வெப்பத்தை எடுத்துப் போகாது, எல்லாம் கூலன்ட் (குளிர்விக்கும் திரவம்) தலையில். வெளியே 40 டிகிரி வெயில் என்றால் வித்தியாசம் 30 டிகிரிதான். டீசலுக்கு 50-க்கு மேல் கிடைக்கும். வித்தியாசம் குறைந்தால் ரேடியேட்டர் பெரிதாக வேண்டும். குளிர்ச்சி போதாதபோது கட்டுப்பாட்டுப் பெட்டி திறனைக் குறைக்கும், அதுவும் பெரும்பாலும் ஏற்றத்தில். இன்னொன்று: கூலன்ட் மின்சாரம் பாயும் தட்டுகளின் ஊடே ஓடுவதால் அது மின்கடத்தாததாக இருக்க வேண்டும். அவசரத்துக்குக் குழாய்த்தண்ணீர் ஊற்றினால் மின்காப்புக் கோளாறு காட்டி வண்டி நின்றுவிடும். கூலன்டில் மின்சாரத்தைக் கடத்தும் அயனிகளை நீக்கும் வடிகட்டியைக் காலக்கெடுப்படி மாற்றுங்கள்.

கே: சமையல் எரிவாயுபோல ஹைட்ரஜனிலும் வாசனை சேர்க்கலாமே?

ப: அந்த வாசனைப் பொருளில் கந்தகம் இருக்கிறது, ஃபியூயல் செல்லில் வினையூக்கியாக இருக்கும் பிளாட்டினத்தைக் கெடுத்துவிடும். மூக்குக்குப் பதில் சென்சார்தான். காற்றில் 4% சேர்ந்தாலே பற்றும் என்பதால் 1%-இலேயே எச்சரிக்கை ஒலித்து, சிலிண்டர் வால்வுகள் தாமாக மூட வேண்டும். பகலில் ஹைட்ரஜன் சுடர் கண்ணுக்கு அரிதாகவே தெரியும். கையால் தடவிக் கசிவு தேட வேண்டாம்.